எஸ்ரா ஸ்டைல்ஸ் எழுதிவைத்த ஊர்கள்

வியாழன், நியூபோர்ட்

இன்றைக்கு வெயில் எத்தனை டிகிரி, தெருவில் எத்தனை வீடு, துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தது, யார் வீட்டில் சாவு, பட்டுப்புழு இன்று என்ன செய்தது என்று எல்லாவற்றையும் எழுதிவைத்த மனிதர் எஸ்ரா ஸ்டைல்ஸ். 1727ல் கனெக்டிகட்டில் பிறந்தவர். இருபது வருடம் ரோட் ஐலண்ட் காலனியின் நியூபோர்ட்டில் சபைப் போதகர். 1778லிருந்து 1795ல் கண்ணை மூடும்வரை யேல் கல்லூரியின் தலைவர். அமெரிக்கா பிரிட்டனிடமிருந்து பிரிந்து தனி நாடான காலம் முழுவதும் அவர் கையில் பேனா இருந்தது.

யேல் என்ற பெயர்தான் என்னை இவரிடம் கொண்டுவந்து சேர்த்தது. சென்னையில் வரலாற்று ஆசிரியராக இருந்தபோது மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துப்போவேன். அங்கே செயின்ட் மேரி தேவாலயம் கட்டி முடித்த 1680லேயே நடந்த முதல் திருமணம் எலிஹூ யேலுடையது. பிறகு 1687லிருந்து 1692 வரை அவர் மதராஸ் கவர்னர். சின்ன வயதில் இறந்துபோன அவர் மகன் டேவிட்டின் சமாதி உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மதராஸில் சம்பாதித்த செல்வத்தோடு லண்டன் திரும்பியவர், 1718ல் கனெக்டிகட்டில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் முதலாம் ஜார்ஜ் அரசரின் படம் ஒன்றும் அனுப்பினார். பொதியில் பெரும்பாலும் துணிமணி. காலிகோ, மஸ்லின், பட்டு. அதை விற்று வந்த 562 பவுண்டு கல்லூரிக் கட்டடத்துக்கு உதவியது. கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். இதை நான் வருடா வருடம் பாடத்தில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கல்லூரியை அப்புறம் யார் நடத்தினார்கள் என்று தேடியபோதுதான் ஸ்டைல்ஸின் நாட்குறிப்பு கிடைத்தது. 1901ல் மூன்று தொகுதிகளாக அச்சானது. படிக்கத் தொடங்கியதும் இந்த ஆளின் ஊர்களை நேரில் பார்த்துவிடவேண்டும் என்று தோன்றிவிட்டது. பாஸ்டனில் இருக்கும் மகள் வார விடுப்பு எடுத்துக்கொண்டு காரை எடுத்தாள்.

நியூபோர்ட்டைப் பணக்காரர்களின் மாளிகைகளுக்காகத்தான் எல்லோரும் பார்க்க வருகிறார்கள். அவை எல்லாம் நூறு வருடம் பிந்தியவை. எங்களுக்கு வேண்டியது பழைய ஊர். வாஷிங்டன் சதுக்கத்தை ஒட்டி கிளார்க் தெரு என்று ஒரு குறுகலான தெரு. இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கித்தான் ஆகவேண்டும். அதில் ஸ்டைல்ஸ் குடியிருந்த மரவீடு இருக்கிறது. 1756ல் சபையார் அவருக்காகக் கட்டியது. எதிரே அவர் பிரசங்கம் செய்த தேவாலயம், 1735ல் எழுப்பியது. இப்போது அதைக் குடியிருப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். வெளியே நின்றுதான் பார்க்கமுடியும். வீட்டு வாசலிலிருந்து பிரசங்க மேடைக்குத் தெருவைக் கடந்தால் போதும். ஒரு நிமிட நடை.

இந்த மனிதர் போதகராகவே வந்திருக்கமாட்டார். யேலில் படித்து முடித்து அங்கேயே ஆசிரியராக இருந்த நாட்களில் அவருக்கு வேதத்தின்மீதே சந்தேகம் வந்துவிட்டது. கடவுள் இருக்கிறார் சரி, ஆனால் பைபிள் அவர் வாக்குதானா என்று உள்ளுக்குள் பெரிய போராட்டம். அதனால் சட்டம் படித்து நியூ ஹேவனில் இரண்டு வருடம் வக்கீலாக இருந்தார். நியூபோர்ட் சபை அழைத்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. படிக்கப் படிக்கச் சந்தேகம் தெளிந்ததால் வந்தார். ரெட்வுட் நூலகம் இந்த ஊரில் இருந்ததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். புத்தகத்தை விட்டு அவரால் இருக்கமுடியாது.

மாலையில் அந்த நூலகத்துக்குப் போனோம். 1747ல் தொடங்கி, 1750ல் கட்டிய கட்டடம். முன்பக்கம் கிரேக்கக் கோயில் மாதிரி தூண்கள். சுவர் கல் என்று நினைத்துக் கைவைத்தால் மரம். பலகையைக் கல் அடுக்கு போலச் செதுக்கி, வர்ணத்தில் மணல் கலந்து பூசியிருக்கிறார்கள். சொரசொரவென்று நெருடுகிறது. பீட்டர் ஹாரிசன் என்ற உள்ளூர் வியாபாரிதான் இதை வடிவமைத்தார். ஸ்டைல்ஸ் இருபது வருடம் இங்கே நூலகர். இங்கே இருந்துகொண்டுதான் 1758ல் நியூபோர்ட்டின் படத்தை வரைந்தார். தெருத் தெருவாக நடந்து வீடுகளை எண்ணிப் புள்ளி வைத்த படம். பெஞ்சமின் பிராங்க்ளின் கொடுத்த வெப்பமானியை வைத்துக்கொண்டு சாகும்வரை தினமும் வெப்பநிலை குறித்தார். 1769ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததையும் இந்த ஊரிலிருந்தே கணக்கிட்டார்.

எண்ணிக் கொண்டிருப்பது சிலருக்கு வெறும் பழக்கம். இவருக்கு அது பக்தியாகவே இருந்திருக்கிறது. கடவுள் படைத்ததில் எதையும் அலட்சியம் செய்யக்கூடாது என்று நம்பியவர்.

வெள்ளி, நியூபோர்ட்

காலையில் டூரோ யூத ஆலயம். நாளை சனிக்கிழமை, அவர்களுக்கு ஓய்வு நாள், பார்வையாளர்களை விடமாட்டார்கள். அதனால் இன்றே முதல் வேலையாகப் போய்விட்டோம்.

இதையும் அதே பீட்டர் ஹாரிசன்தான் வடிவமைத்தார். தெருவுக்கு நேராக இல்லாமல் ஒரு கோணத்தில் திரும்பி நிற்கிறது கட்டடம். வேதச் சுருள்களை வைத்திருக்கும் பேழை கிழக்கே, எருசலேம் பக்கம் இருக்கவேண்டும் என்பதற்காக. உள்ளே பன்னிரண்டு தூண்கள், இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களுக்கு. மேலே சுற்றிலும் பெண்களுக்கான மாடம். 1763 டிசம்பரில் இது திறக்கப்பட்டபோது ஸ்டைல்ஸ் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். தூண், விளக்கு, பாட்டு, சடங்கு எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவைத்தார். இந்த ஆலயம் திறந்த நாள் எப்படி இருந்தது என்று இன்றைக்குத் தெரிந்துகொள்ள அவர் எழுதியதும் ஒரு முக்கியமான சான்று.

அவர் அங்கே வேடிக்கை பார்க்கப் போனதோடு நிறுத்தவில்லை. நாற்பது வயதில் எபிரேயம் கற்க உட்கார்ந்தார். ஆலயத்தின் பூசகர் ஐசக் டூரோவிடம் உச்சரிப்பு கேட்டார். வேதத்தை மூலமொழியில் படிக்கவேண்டும் என்ற ஆசை ஒரு புறம். யூத அறிஞர்கள் அதை எப்படிப் படிக்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்கவேண்டும் என்பது இன்னொரு புறம். அன்றைய கிறிஸ்தவப் போதகர்களில் இந்த இரண்டாவது ஆசை அபூர்வம்.

1773ல் ஹயிம் ஐசக் காரிகல் என்ற ரப்பி, அதாவது யூத மதகுரு, இந்த ஊருக்கு வந்தார். பாலஸ்தீனத்தில் ஹெப்ரோனில் பிறந்தவர். ஓட்டோமான் நாடுகள், ஐரோப்பா, கரீபியன் என்று சுற்றியவர். ஒரு நாலைந்து மாதம்தான் நியூபோர்ட்டில் தங்கினார். அதற்குள் ஸ்டைல்ஸும் அவரும் திரும்பத் திரும்பச் சந்தித்துக்கொண்டார்கள். இருவரும் உட்கார்ந்து கபாலா என்ற யூத மறைஞான மரபு பற்றியும் மேசியா பற்றியும் பேசுவார்கள். தெருவில் சேர்ந்து நடப்பார்கள். மே 28ம் தேதி, யூதர்களின் வாரங்களின் பண்டிகையன்று, காரிகல் இந்த ஆலயத்தில் ஸ்பானிஷ் மொழியில் பிரசங்கம் செய்தார். ரோட் ஐலண்ட் கவர்னர் ஜோசப் வான்டனும் இரண்டு நீதிபதிகளும் வந்திருந்தார்கள். ஸ்டைல்ஸும் இருந்தார். பிறகு அது ஆங்கிலத்தில் அச்சானது. அமெரிக்கக் காலனிகளில் அச்சேறிய முதல் யூதப் பிரசங்கம்.

அந்தப் பக்கத்தை ஆலயத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்குப் படித்துக்காட்டினேன். ரப்பியின் உடையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார் ஸ்டைல்ஸ். ரோமத் தொப்பி, சிவப்பு அங்கி, பச்சைப் பட்டு உட்சட்டை, அதற்கும் உள்ளே சீட்டித் துணியில் ஒன்று, இடுப்பில் துருக்கிக் கச்சை. சீட்டி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கச் சீட்டிக்குப் பேர்போனது நம் கடற்கரைதான்.

காரிகல் கப்பலேறிப் போன பிறகும் இருவரும் எபிரேயத்தில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1777ல் பார்படோஸில் காரிகல் இறந்தார். ஸ்டைல்ஸ் யேல் தலைவரானதும் அவருடைய படத்தை வரையச் செய்து கல்லூரிக்கு வாங்கினார். ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் ஒரு ரப்பியின் படம். 1780களில்.

இவ்வளவு பெரிய மனம். மதியத்துக்கு மேல் நாங்கள் போன இடம் அதற்கு நேர் எதிர்.

ஊரின் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஓரத்தைக் கடவுளின் சின்ன நிலம் என்று அழைக்கிறார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே அடக்கம். சிலேட்டுக் கற்கள், பல சாய்ந்தும் உடைந்தும் இருக்கின்றன. ஒரு கல்லைத் தேடிக் கண்டுபிடித்தோம். 1768ல் இறந்த கஃப் கிப்ஸ் என்பவருடையது. இந்தக் கல்லை அவர் சகோதரன் பாம்ப் ஸ்டீவன்ஸ் வெட்டினான் என்று அதிலேயே பொறித்திருக்கிறது. பாம்ப் ஸ்டீவன்ஸ் ஒரு கல்வெட்டுப் பட்டறையில் அடிமை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு எசமானர்களின் குடும்பப் பெயர். மகள் குனிந்து எழுத்துகளின்மேல் விரலை ஓட்டாமல் சற்று மேலே காற்றிலேயே ஓட்டினாள். தொட்டால் சிலேட்டு உதிரும்.

நியூபோர்ட்டின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை இந்த நிலம் சொல்கிறது. கரீபியன் தீவுகளிலிருந்து வெல்லப்பாகு வரும். இங்கே அதை ரம் ஆகக் காய்ச்சுவார்கள். ரம் ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும். அங்கே ஆட்களை வாங்கிக் கப்பலில் ஏற்றித் தீவுகளில் விற்பார்கள். திரும்பும்போது மறுபடி வெல்லப்பாகு. வட அமெரிக்கக் காலனிகளிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிய அடிமைக் கப்பல்களில் மிகப் பெரும் பங்கு ரோட் ஐலண்டுடையது. ஸ்டைல்ஸின் சபையில் உட்கார்ந்து ஜெபம் செய்தவர்களில் இந்த வியாபாரிகளும் உண்டு.

1756ல் ஸ்டைல்ஸும் ஆப்பிரிக்காவுக்குப் போகும் ஒரு கப்பலில் ஒரு பீப்பாய் ரம் அனுப்பினார். அதற்குப் பதில் கேப்டன் அவருக்கு ஒரு பையனைக் கொண்டுவந்து கொடுத்தான். பத்து வயது. அவன் அம்மா அப்பா வைத்த பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஸ்டைல்ஸ் அவனுக்கு ஊரின் பெயரையே வைத்தார், நியூபோர்ட் என்று. நேற்று பார்த்தோமே, அந்தக் கிளார்க் தெரு வீடு, அங்கேதான் அந்தப் பையன் வளர்ந்தான்.

“எல்லாத்தையும் கேட்டு எழுதுற ஆளு, அவன் பேரைக் கேக்கலியாப்பா?” என்றாள் மகள்.

நாட்குறிப்பில் 1772 பிப்ரவரியில் ஒரு பதிவு. அன்று மாலை அதே வீட்டில் எண்பது, தொண்ணூறு கறுப்பின மக்கள் கூடினார்கள். அவர்களுக்கு வேதவாசகம் சொன்னதையும், அவர்கள் நன்றாகப் பாடியதையும் மகிழ்ச்சியோடு எழுதுகிறார் ஸ்டைல்ஸ். அடுத்த வருடம் அதே ஊரின் இன்னொரு போதகர் சாமுவேல் ஹாப்கின்ஸோடு சேர்ந்து, பிரிஸ்டல் யம்மா, ஜான் குவாமின் என்ற இரண்டு ஆப்பிரிக்கர்களை மிஷனரிகளாகத் தாய்நாட்டுக்கு அனுப்பப் பணம் திரட்டும் விண்ணப்பம் வெளியிட்டார். ஹாப்கின்ஸ் அடிமை வியாபாரத்தை மேடையில் நேருக்கு நேர் கண்டித்தவர். ஸ்டைல்ஸ் அந்த அளவுக்குப் போகவில்லை. அந்த வருடங்களில் எல்லாம் நியூபோர்ட் என்ற இளைஞன் அவர் வீட்டில் அடிமைதான்.

அது அந்தக் காலத்து வழக்கம் என்று நான் விட்டுவிட மாட்டேன். அதே காலத்தில், அதே ஊரில், சில தெரு தள்ளி, வேறு மாதிரிப் பேசிய ஒரு போதகர் இருந்தாரே.

சனி, டைட்டன்

இன்று சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். மழை.

நியூபோர்ட்டிலிருந்து வடக்கே, மாசசூசெட்ஸில் டான்டன் ஆற்றங்கரையில் டைட்டன் பாறை இருக்கிறது. நாற்பது டன் எடை. ஒரு முகம் முழுக்கக் கோடுகளும் உருவங்களும். முன்பு ஆற்றுக்குள் இருந்தது. அலை ஏறினால் மூழ்கிவிடும், இறங்கினால் தெரியும். 1963ல் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்து, பிறகு சுற்றி ஒரு சிறு அருங்காட்சியகம் கட்டினார்கள்.

1767ல் ஸ்டைல்ஸ் இங்கே வந்து இந்தக் கோடுகளைப் பிரதி எடுத்தார். பல முறை திரும்பியும் வந்தார். அந்தக் காலத்தில் அவர் எபிரேயம் மாதிரியான செமிட்டிக் மொழிகளில் மூழ்கியிருந்தார். ஆகவே இது பினீசிய எழுத்து, மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையைச் சேர்ந்த பழைய காலத்து மாலுமிகள் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து வெட்டியது என்று முடிவு செய்தார். அந்த முடிவை 1783ல் ஹார்ட்ஃபோர்டில் சட்டமன்றத்தின் முன் செய்த புகழ்பெற்ற பிரசங்கத்திலும் சேர்த்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் வைக்கிங் என்றார்கள், போர்ச்சுக்கீசியர் என்றார்கள். இந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த வாம்பனோவாக் மக்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்கள் முன்னோர் செதுக்கியது என்பதுதான் எனக்குப் படுகிறது. இத்தனைக்கும் ஸ்டைல்ஸ் பூர்வகுடிகளின் குடிசைகளுக்குப் போய் அளந்து படம் போட்டவர், அவர்கள் சொற்களைக் கேட்டுப் பட்டியல் எழுதியவர்.

இதே டைட்டன் ஊருக்குத்தான் 1776ல் அவர் அகதியாக வந்தார். பிரிட்டிஷ் படை எப்போது வேண்டுமானாலும் வரும் என்று நியூபோர்ட்டில் பாதிச் சனம் வெளியேறிவிட்டது. முந்தின வருடம்தான் மனைவி எலிசபெத் இறந்திருந்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, மூட்டை மூட்டையாகக் கையெழுத்துப் பிரதிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த டிசம்பரில் படை வந்தது. அவர் தேவாலயத்தில் சிப்பாய்களைத் தங்கவைத்தார்கள். ரெட்வுட் நூலகத்திலிருந்து புத்தகங்கள் கொள்ளை போயின.

ஞாயிறு, நியூ ஹேவன்

மழை விட்டது. காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

யேல் தலைவர் பதவிக்கு அழைப்பு வந்தபோது ஸ்டைல்ஸ் உடனே தலையாட்டவில்லை. கல்லூரி அப்போது கிழிந்த நிலையில் இருந்தது. போர்க்காலம், சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு, மாணவர்களைக் கடற்கரையை விட்டுத் தள்ளிய பல ஊர்களில் பிரித்து வைத்திருந்தார்கள். முந்தைய தலைவர்களோடு சட்டமன்றத்துக்குத் தீராத சண்டை. பல மாதம் யோசித்து, எல்லோரிடமும் கேட்டு, கடைசியில் 1778 ஜூனில் வந்து சேர்ந்தார். கிளம்பும் முன் நியூபோர்ட் என்ற அந்த இளைஞனுக்கு விடுதலை எழுதிக்கொடுத்தார். வாங்கி இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவர் காலத்துக் கல்லூரியில் இன்றைக்கு மிச்சம் கனெக்டிகட் ஹால் மட்டும்தான். 1750களின் தொடக்கத்தில் எழும்பிய செங்கல் கட்டடம். அதைக் கட்டியதில் அடிமைகளின் உழைப்பும் இருந்தது என்று பல்கலைக்கழகமே இப்போது ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. முற்றத்தில் பட்டமளிப்பு விழாவுக்கு வந்த குடும்பங்கள் மாதிரி நிறையப் பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1779 ஜூலை 5ம் தேதி பிரிட்டிஷ் கப்பல்கள் நியூ ஹேவன் துறைமுகத்துக்கு வந்தன. அமெரிக்காவின் சுதந்திர நாளைக் கொண்டாட ஊர் தயாராகிக்கொண்டிருந்த நேரம். ஸ்டைல்ஸ் கல்லூரித் தேவாலயக் கோபுரத்தில் ஏறித் தூரதரிசினியால் பார்த்தார். படகுகள் கரைக்கு வருவது தெரிந்ததும் இறங்கி, கல்லூரி ஆவணங்களையும் தன் கையெழுத்துப் பிரதிகளையும் ஊருக்கு வெளியே அனுப்பினார். மாணவர்கள் துப்பாக்கி எடுத்துக்கொண்டு மேற்குப் பாலத்துப் பக்கம் போனார்கள். அவருக்கு முன் கல்லூரியை நடத்திய நஃப்தலி டாகெட், ஐம்பது வயது தாண்டிய போதகர், கறுப்புக் குதிரையில் ஏறி வேட்டைத் துப்பாக்கியோடு எதிரியின்மேல் தனியாகப் போய்ச் சுட்டார். பிடித்து அடித்து, வெயிலில் ஊருக்குள் நடத்தி வந்தார்கள். அடுத்த வருடமே அவர் இறந்துபோனார். ஸ்டைல்ஸ் இதையெல்லாம் படத்தோடு எழுதியிருக்கிறார். படை எந்த வழியாக வந்தது, எந்த இடத்தில் யார் விழுந்தார்கள் என்று வரைபடம்.

தலைவர் என்றால் நிர்வாகம் மட்டுமல்ல. அவரே எபிரேயம் நடத்தினார், திருச்சபை வரலாறு நடத்தினார். முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் எபிரேயம் படித்தே ஆகவேண்டும் என்று வைத்தார். பையன்கள் முனகினார்கள். 1790 வாக்கில் விருப்பப்பட்டவர்கள் படித்தால் போதும் என்று தளர்த்திவிட்டார். 1781 பட்டமளிப்பு விழாவில் எபிரேயம், அரமேயம், அரபு மூன்றிலும் உரை நிகழ்த்தினார்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த பதிவு ஒன்றைச் சொல்லியாகவேண்டும். 1783 டிசம்பரில் லூசிண்டா ஃபூட் என்ற பன்னிரண்டு வயதுப் பெண்ணை அவரிடம் அழைத்துவந்தார்கள். ஒரு போதகரின் மகள். ஸ்டைல்ஸ் அவளை உட்காரவைத்து லத்தீனில் வர்ஜில், சிசரோ, கிரேக்கத்தில் புதிய ஏற்பாடு எல்லாம் கொடுத்துச் சோதித்தார். அவள் தயங்காமல் பொருள் சொன்னாள். உடனே லத்தீனில் ஒரு சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெண் என்ற ஒன்றைத் தவிர யேலின் முதலாண்டில் சேர இவளுக்கு எல்லாத் தகுதியும் உண்டு என்று. மகள் இதைக் கேட்டுவிட்டு, யேல் இளங்கலையில் பெண்களை எப்போது சேர்த்தார்கள் என்று கேட்டாள். 1969. நூற்று எண்பத்தைந்து வருடம் கழித்து. “சர்டிபிகேட் எழுதுறவரு அட்மிஷனும் போட்டிருக்கலாம்ல?” என்று அவள் கேட்டது நியாயம். ஆனாலும் ஒரு கல்லூரித் தலைவர் அந்தக் காலத்தில் ஒரு சிறுமியை அழைத்து உட்காரவைத்துப் பையன்களுக்கு வைக்கும் அதே தேர்வை வைத்தாரே, அதற்கு நான் அவரை வணங்குகிறேன். அந்தக் காகிதம் அவள் குடும்பத்தில் என்ன பெருமையாக இருந்திருக்கும்!

பிற்பகல் கலைக்கூடத்தில். ஸ்டைல்ஸின் படத்தை 1771ல் நியூபோர்ட்டில் சாமுவேல் கிங் வரைந்தார். காரிகலை வரைந்தவரும் இவர்தான். ஸ்டைல்ஸ் படத்தில் கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டை, வலது கை மார்பில், இடது கையில் பைபிள். மூக்கு கூர்மை, உடம்பு மெலிவு. முகத்தைவிடப் பின்னால் இருக்கும் புத்தக அலமாரியைத்தான் ஊன்றிப் பார்க்கவேண்டும். மேல் தட்டு கீழ்த் தட்டாக நியூட்டன் இருக்கிறார், பிளேட்டோ இருக்கிறார், லிவி இருக்கிறார். சீன வரலாறு ஒன்று. யூத நூல்களில் தால்முத், சோஹர், மைமோனிடிஸ் எழுதியது. பக்கத்தில் ஒரு தூண், அதில் சூரியனும் அதைச் சுற்றும் கோளின் வட்டமும் ஒரு வால்வெள்ளியின் பாதையும். ஒவ்வொன்றையும் அவரே ஓவியரிடம் சொல்லிப் போடவைத்தார். என் முகத்தைவிட இந்தச் சின்னங்கள்தான் என் மனதைச் சரியாகக் காட்டும் என்று நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். நான் அந்தப் படத்தின் முன் ரொம்ப நேரம் நின்றேன். காவலர் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

திங்கள், நியூ ஹேவன்

போகும் வழியில் அவர் பிறந்த நார்த் ஹேவனை ஒரு சுற்று சுற்றிவந்தோம். அப்பா ஐசக் அங்கே போதகர். அம்மா கெசியா இவரைப் பெற்ற சில நாளிலேயே இறந்துவிட்டார். அம்மாவைப் பெற்ற தாத்தா எட்வர்ட் டெய்லர், எல்லைப்புறக் கிராமம் ஒன்றில் போதகராக இருந்துகொண்டு யாருக்கும் காட்டாமல் கவிதை எழுதியவர். அந்தக் கையெழுத்துப் பிரதியை ஸ்டைல்ஸ் பத்திரமாக வைத்திருந்தார், பின்னால் அது யேலுக்கு வந்தது. 1937ல்தான் ஒருவர் அதை நூலகத்தில் எடுத்துப் படித்தார். காலனிக் கால அமெரிக்காவின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர் என்று இன்று டெய்லரைக் கொண்டாடுகிறார்கள். எதையும் தூக்கிப்போடாத பேரன் வாய்த்தது அந்தக் கவிஞரின் பாக்கியம்.

பிறகு குரோவ் தெருக் கல்லறைத் தோட்டம். எகிப்திய பாணியில் பிரம்மாண்டமான வாசல், மரித்தோர் எழுந்திருப்பர் என்று மேலே பொறித்திருக்கிறது. ஸ்டைல்ஸ் 1795 மே 12ல் காய்ச்சலில் இறந்தபோது இந்தத் தோட்டமே இல்லை. ஊர்த் திடலில் இருந்த கல்லறைக் கற்களை 1821ல் இங்கே கொண்டுவந்தார்கள். யேல் தலைவர்கள் வரிசையில் இவர் பெயரும் இருக்கிறது.

அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, பிராங்க்ளினோடு இவர் நடத்திய கடைசிக் கடிதப் போக்குவரத்தை எடுத்துக்கொண்டேன். இருவருக்கும் நாற்பது வருடப் பழக்கம். பிராங்க்ளின் அனுப்பிய மின்சாரக் கருவியை வைத்துத்தான் ஸ்டைல்ஸ் இளம் வயதில் யேலில் சோதனைகள் செய்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இவருக்கு டாக்டர் பட்டம் கிடைக்க ஏற்பாடு செய்தவரும் பிராங்க்ளின்தான். 1790 ஜனவரியில் ஸ்டைல்ஸ் எழுதுகிறார்: கவர்னர் யேலின் படம் அவர் குடும்பத்தாரிடமிருந்து கல்லூரிக்கு வந்து சேர்ந்துவிட்டது, அதே அறையில் உங்கள் படத்தையும் வைக்க ஆசை. கூடவே தயங்கித் தயங்கி ஒரு கேள்வி: இயேசுவைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

மார்ச் 9ம் தேதியிட்டுப் பதில் வந்தது. யேல் மிகப் பெரிய, நல்ல மனிதர், அவர் பக்கத்தில் வைக்கும் தகுதி எனக்கில்லை என்றார் பிராங்க்ளின். இயேசு போதித்த ஒழுக்கம் உலகம் கண்டதில் சிறந்தது, ஆனால் அவர் தெய்வமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, சீக்கிரமே சிரமமில்லாமல் நேரில் தெரிந்துகொள்ளப் போகிறேன், இப்போது எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டும் என்றும் எழுதினார். ஐந்தே வாரத்தில் இறந்துவிட்டார். இளமையில் அதே சந்தேகத்தில் உழன்ற ஸ்டைல்ஸால்தான் அந்தக் கேள்வியை அவ்வளவு மரியாதையோடு கேட்கமுடிந்தது.

நல்ல மனிதர் யேல் என்ற வரியை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1680களில் மதராஸ் துறைமுகத்திலிருந்து ஆட்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது கோட்டையின் ஏடுகளிலேயே இருக்கிறது. அந்தக் கோட்டையின் நிர்வாகக் குழுவில் யேல் இருந்தார், பிறகு அதற்குத் தலைவராகவும் இருந்தார். பிலடெல்பியாவில் உட்கார்ந்திருந்த பிராங்க்ளினுக்கோ நியூ ஹேவன் ஸ்டைல்ஸுக்கோ அது எட்டியிருக்காது. சென்னையிலிருந்து வந்தவனுக்கு எட்டுகிறது. அதைச் சொல்லவேண்டிய கடமையும் இருக்கிறது.

அதே 1790ல் கனெக்டிகட்டில் அடிமைகளின் விடுதலைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதல் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ். மெதுவாக, மிக மெதுவாக, அவர் அங்கே வந்து சேர்ந்திருந்தார். ஆனால் இன்னொன்றும் உண்டு. விடுதலை பெற்ற நியூபோர்ட் பிழைக்க வழியில்லாமல் மனைவி, குழந்தையோடு நியூ ஹேவனுக்குத் தேடிவந்தார். ஸ்டைல்ஸ் அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். கூடவே அவருடைய மகன் ஜேக்கப், இரண்டு வயதுக் குழந்தை, இருபத்து நாலு வயது வரை தன் வீட்டில் வேலை செய்யவேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். ஸ்டைல்ஸ் இறந்தபோது அந்த ஒப்பந்தம் முடிந்திருக்கவில்லை.

1960களின் தொடக்கத்தில் யேல் ஒரு மாணவர் விடுதிக் கல்லூரிக்கு எஸ்ரா ஸ்டைல்ஸ் என்று பெயர் வைத்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து பொடிநடை தூரம்தான். ஏரோ சாரினென் கட்டியது, கரடுமுரடான கல் சுவர்கள். 2024ல் பல்கலைக்கழகம் அடிமை முறையில் தனக்கிருந்த பங்குக்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அந்தப் பெயரை எடுக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எபிரேயம் படித்தவரும் லூசிண்டாவைச் சோதித்தவரும் காரிகலின் நண்பரும் அந்தப் பெயருக்குள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வாசலில் நியூபோர்ட், ஜேக்கப் என்ற இரண்டு பெயர்களும் இருக்கவேண்டும். இதை ஒரு கடிதமாக எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்போகிறேன். ஆங்கிலத்தைத் திருத்தித் தருவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.